ஆறேகால் தரையிறங்கியது

புதன்கிழமை காலை மேனஸ் கிளாஸ்கோவிலிருந்து மனைவி அட்ராக்டாவைக் கூப்பிட்டது உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசத்தான்.

"போன வாரம் கரைய விட்டுட்ட. கஞ்சி மாதிரி இருந்துச்சு."

"விமானம் சத்தம் போட்டுச்சு, நான் சட்டிய ஏத்துனேன். நீ லோர்கன்கிட்ட நின்னு கதையடிச்சா கிழங்கு உனக்காக காத்துக்கிட்டு இருக்குமா?"

"சரி, சரி. இந்த வெள்ளிக்கிழமை நேரா வந்துடறேன். வெண்ணெய் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டான்.

அயர்லாந்தின் டோனிகால் மாவட்டத்தில், டூனலார் விமான நிலையத்தின் ஓடுபாதை முடியும் இடத்தில் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பிரெஸ்லின் வீடு. வாரம் முழுக்க கிளாஸ்கோவில் சாரம் கட்டும் வேலை பார்த்துவிட்டு மேனஸ் பிரெஸ்லின் வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வருவான். விமானம் கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு இறங்கும்போது அட்ராக்டா உருளைக்கிழங்குச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். அவன் இறங்கி, பெட்டியை வாங்கிக்கொண்டு, வேலியைச் சுற்றிப் போகும் சந்தில் நடந்து வாசலில் கால் வைக்கும்போது கிழங்கு வெந்திருக்கும். அந்த விமானத்துக்கு ஊரில் 'ஆறேகால்' என்று பெயர். ஆறேகாலுக்கு அது வந்ததை யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அன்று மதியம் வேலையிடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேனஸ், கோப்பையைப் பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டி, "கொஞ்சம் பிடி" என்றானாம். அவ்வளவுதான். இதயக் கோளாறு பழைய கதை என்பதால் மருத்துவர் உடனே இறப்புச் சான்றில் கையெழுத்திட்டார். கிளாஸ்கோவில் சவ அடக்க வேலை பார்க்கும் ஒருவர், அவரும் டோனிகால் வம்சம்தான், வெள்ளிக்கிழமை காலையில் உடலை விமான நிலையத்தில் சேர்ப்பதாகச் சொன்னார்.

டோனிகாலில் சாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உடல் சொந்த வீட்டுக்கு வர வேண்டும். ஊர் முழுக்க வந்து பார்க்க வேண்டும். மண்ணுக்குள் போகிற வரை இறந்தவரை ஒரு கணமும் தனியே விடக் கூடாது. வருகிறவர்கள் கையைப் பிடித்து, "உன் துயரத்துக்கு வருந்துறேன்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. தேநீரும் ரொட்டியும் வந்துகொண்டே இருக்கும்.

வெள்ளி மாலை மேனஸ் தன் வீட்டில் இருக்க வேண்டும். வழியில் தனியாக வரக் கூடாது. இந்த இரண்டைத் தவிர அட்ராக்டாவுக்கு உலகத்தில் வேறு வேலை இருக்கவில்லை. வீட்டை நாத்தனார் டீலியாவிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்து வீட்டு யூனாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வியாழன் காலை விமானத்துக்குப் புறப்பட்டாள்.

டூனலாரில் சீட்டுப் பார்ப்பவர், பெட்டி ஏற்றுபவர், தீயணைப்பவர் மூவரும் லோர்கன்தான். தொப்பி மட்டும் மூன்று. அவர்கள் போனபோது சீட்டுத் தொப்பியில் இருந்தான். அதைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, "உன் துயரத்துக்கு வருந்துறேன், அட்ராக்டா" என்றான். பிறகு மாட்டிக்கொண்டு, "பயணத்தின் நோக்கம்?" என்றான்.

"அது உனக்குத் தெரியும்டா," என்றாள் யூனா.

"தொப்பி இல்லாதப்ப தெரியும்."

அட்ராக்டா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். ஓடுபாதையில் இரண்டு முயல்கள் இருந்தன. "விமானம் இன்னும் வரலையா? ரத்து பண்ணிட்டாங்களா?"

லோர்கன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஐயோ, அந்த வார்த்தைய இங்க சொல்லாத. பலகையப் பாரு."

பலகையில், 'கிளாஸ்கோ: குறித்த நேரத்தில்' என்று இருந்தது.

"அப்ப விமானம் எங்க?"

"விமானம் ஸ்பெயினுக்குப் போயிருக்கு. கோடைக்கு அங்கதான் கூட்டம். சேவை இங்கதான் இருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து இது விமானம் சாரா விமானச் சேவை."

"அப்படின்னா?"

"பஸ்ஸு," என்றான் லோர்கன், தொப்பியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு.

விஷயம் இதுதான். அயர்லாந்தின் மேற்கு ஓரத்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே விமானத் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்று 'இணைப்புப் பேணல் ஆணையம்' ஒன்றை நிறுவியிருந்தார்கள். அட்டவணையில் உள்ள சேவை ஒருநாளும் தவறாமல் நடந்தால் 'ஹீதர்லிங்க்' விமான நிறுவனத்துக்கு ஆணையம் மானியம் தரும். ஆணையத்தின் விதிகளில் 'சேவை' என்ற சொல்லுக்கு ஒன்பது பக்கத்தில் விளக்கம் இருந்தது. 'விமானம்' என்ற சொல்லுக்கு விளக்கம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பொருள்தானே என்று விட்டுவிட்டார்கள். ஹீதர்லிங்க்குக்குத் தெரியவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் அட்ராக்டாவின் பையிலிருந்து புனித நீர்ப் புட்டி அகப்பட்டது. மேனஸின் நெற்றியில் தெளிக்க ஊர்க் கோயிலிலிருந்து எடுத்துவந்தது.

"நூறு மில்லிக்கு மேல திரவம் கொண்டுபோகக் கூடாது," என்றான் லோர்கன், இப்போது வேறு தொப்பியில்.

"பஸ்ஸுலயா?"

"பறக்கறப்ப."

யூனா புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, சோதனை இயந்திரத்தின் மேல் தெளித்தாள். தராசின் மேல் தெளித்தாள். வெளியே போய்ப் பேருந்தின் நான்கு சக்கரத்துக்கும் தெளித்தாள். திரும்பி வந்து லோர்கனின் மூன்று தொப்பிக்கும் தெளித்தாள். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இப்ப நூறு இருக்கும். அளந்து பாரு" என்றாள். லோர்கன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிலுவைக் குறி போட்டான்.

விமானம் குறித்த நேரத்தில் கதவை விட்டுப் புறப்பட்டது. வண்டி நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேலிக்கு வெளியே நெடுநேரம் நின்றது. டீசல் போட வேண்டியிருந்தது. ஓட்டுநர் தோளில் நான்கு பட்டைகள் தைத்த கோட்டுப் போட்டிருந்தார். அவரை 'கேப்டன்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். பணிப்பெண் நடுவழியில் நின்று, நீரில் விழுந்தால் மிதக்கும் சட்டையை எப்படிக் கட்டுவது என்று செய்து காட்டினாள். வெளியே ஒரு மாடு அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

டெர்ரி நகரத்தைத் தாண்டி மலையில் ஏறும்போது கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். "நாம் தற்போது கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு அடி உயரத்தில் இருக்கிறோம். முன்னால் ஒரு டிராக்டர் தென்படுகிறது. சிறிது நேரம் அதிர்வுகள் இருக்கலாம். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம்."

லார்ன் துறைமுகத்தில் பேருந்து கப்பலுக்குள் ஏறியதும் சிக்கல் வந்தது. வண்டித் தளத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது என்பது கப்பலின் சட்டம். பறக்கும்போது பயணிகள் கீழே இறங்கக் கூடாது என்பது ஹீதர்லிங்க்கின் சட்டம். இரண்டு தரப்பும் வெகுநேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பயணிகள் இருக்கை வரிசைப்படியே மாடியில் உள்ள உணவுக் கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இருவர் இருவராக, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி உட்கார வைக்கப்பட்டார்கள். பணிப்பெண் நடுவில் நடந்து பிஸ்கட் கொடுத்தாள்.

கப்பல் ஊழியர் ஒருவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "யாரு இவங்க? ஏன் இப்படி உக்காந்திருக்காங்க?"

"பறந்துக்கிட்டு இருக்காங்க," என்றார் இன்னொருவர்.

பக்கத்து மேசையில் ஹியூயியும் அவனுடைய பயணிகளும் வறுத்த மீனும் கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டு சீட்டாடினார்கள். ஹியூயி வாரா வாரம் வியாழனன்று டோனிகாலிலிருந்து கிளாஸ்கோவுக்குப் பேருந்து விடுகிறவன். அவன் தாத்தா காலத்திலிருந்து, கிழங்கு தோண்டக் கூலிக்குப் போனவர்களை ஏற்றிய நாளிலிருந்து, விடுகிறார்கள். அதே சாலை, அதே கப்பல், பாதிக் கட்டணம். அவனுக்கு மானியம் கிடையாது. ஏனென்றால் அவன் அதைப் பேருந்து என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அட்ராக்டா! நீ ஏன்மா அங்க பள்ளிக்கூடப் பிள்ள மாதிரி உக்காந்திருக்க?"

"பறக்கறேன், ஹியூயி. மேனஸ் போயிட்டான். கூட்டிட்டு வரப் போறேன்."

ஹியூயி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான். "உன் துயரத்துக்கு வருந்துறேன்." அவனுடைய பயணிகளும் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். விமானப் பயணிகளும் எழ முயன்றார்கள். பெல்ட் விளக்கு இன்னும் எரிவதாகப் பணிப்பெண் நினைவூட்டினாள்.

"நாளைக்கு நான் திரும்பறேன்," என்றான் ஹியூயி. "ஒருவேளை இவங்க ஏதாவது கோளாறு பண்ணினா வந்து நில்லு. செத்தவங்ககிட்ட எங்க வண்டில காசு வாங்கறதில்ல. ஆனா மேனஸுக்கு என் பஸ்ஸ கண்டாலே ஆகாதே. நான் போடற பாட்ட கேட்டா காத பொத்திக்குவான்."

"அந்தப் பாட்ட கேட்டா செத்தவனும் பொத்திக்குவான்," என்றாள் யூனா.

அட்ராக்டா சிரித்தாள். அதற்குப் பிறகுதான் முதல் தடவையாக அழுதாள்.

அன்றிரவு கிளாஸ்கோவில் மேனஸின் பக்கத்தில் இருவரும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். காலையில் சவ வண்டி அவர்களை விமான நிலையத்தில் கொண்டுவிட்டது. சரக்குப் பிரிவின் எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேலதிகாரியை அழைத்தார். வந்தவர் ஹீதர்லிங்க்கின் வழித்தடப் பண்பாட்டு இயக்குநர் பெரெக்ரின் விட்லாக். நல்ல கோட்டு, நல்ல பல். அன்று மாலை டூனலாரில் ஒரு விழாவுக்குப் போகவேண்டிய அவசரத்தில் இருந்தார்.

"உங்க பெட்டிய ஏத்த முடியாது, மேடம். விமானத்தோட சரக்கறையில மட்டும்தான் சவப்பெட்டிக்கு அனுமதி."

"இது விமானம்னு நேத்து முழுக்கச் சொன்னாங்களே."

"பயணிகளைப் பொறுத்தவரைக்கும் அது விமானம். சரக்கைப் பொறுத்தவரைக்கும் அது பேருந்து. பேருந்துல சவப்பெட்டி ஏத்தறது எங்க கொள்கைக்கு விரோதம்."

"அப்ப பயணியா ஏத்துங்க. திரும்பி வர சீட்டு அவன் பேர்ல இருக்கு. இன்னைக்கு, ஆறேகால்."

விட்லாக் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இவர் பதிவு செய்யலையே. வரலைன்னுதான் குறிச்சுக்க முடியும்."

"வந்திருக்கான்," என்றாள் அட்ராக்டா. "வெளில வண்டில இருக்கான்."

"நேரா உக்காந்து பெல்ட் போடக்கூடிய நிலையில இருக்காரா?"

"இத்தன வருஷமா உங்க விமானத்துல அவன் அசையாமத்தான்யா வந்தான்," என்றாள் யூனா. "முட்டிய அசைக்க நீங்க எடம் விட்டதில்லையே."

விட்லாக் புன்னகையை மாற்றவில்லை. "துயரச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். அடக்கம் என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"எந்த ஞாயிறு?"

"வர்ற ஞாயிறு."

விட்லாக் முதல் தடவையாக உண்மையிலேயே திகைத்தார். இங்கிலாந்தில் அவருடைய அத்தையை அடக்கம் செய்ய மூன்று வாரம் ஆகியிருந்தது. மண்டபம் கிடைக்கவில்லை. "அடக்கத் தேதி குறைஞ்சது பதினாலு நாள் கழிச்சு இருந்தாத்தான் விண்ணப்பத்தப் பரிசீலிக்க முடியும். இவ்வளவு அவசரம் எதுக்கு? எங்க பக்கம் கல்யாணத்தக் கூட இப்படி திடுதிப்புன்னு வைக்க மாட்டோம்."

"எங்க பக்கம் செத்தவங்க உங்க விமானம் மாதிரி இல்ல," என்றாள் யூனா. "சொன்ன நாள்ல கிளம்பிடுவாங்க."

அட்ராக்டா சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரன் இன்னைக்கு ஆறேகாலுக்கு டூனலார்ல இறங்குவான். நீங்க என்ன வேணா குறிச்சுக்குங்க," என்றாள்.

ஹியூயி பின்வரிசை இருக்கைகள் நான்கைக் கழற்றி வைத்திருந்தான். பெட்டியை ஏற்றி, கயிறு கட்டி, மேலே தன் கோட்டைப் போர்த்தினான். யாரும் சொல்லாமலே பயணிகள் முறை வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். கப்பலில் வண்டித் தளத்துக்கு ஆள் அனுப்ப முடியாது என்றதும் ஹியூயி மேலே போய்க் கப்பல்காரரிடம் இரண்டே வார்த்தை பேசினான். கப்பல்காரர் ஒருவர் கீழே வந்து, பெட்டிக்கு அருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கரை வரும்வரை நின்றார்.

வழி முழுக்க ஹியூயி பாட்டுப் போடவில்லை. ஊர் எல்லை தெரிந்ததும் அட்ராக்டாவே சொன்னாள். "போடு, ஹியூயி. அவன் திட்டட்டும்."

பாட்டு தொடங்கியது. அதையும் மீறிக் கூரைக்கு மேலே ஓர் உறுமல் கேட்டது. விமானம். தாழ்வாக, டூனலாரை நோக்கி. அட்ராக்டாவின் கை தானாகவே மடியிலிருந்து எழுந்தது, சட்டியைத் தூக்க. தூக்கச் சட்டி இல்லாமல் அந்தரத்தில் நின்றது.

"ஆறேகாலா?" என்றாள்.

யூனா சன்னலில் எட்டிப் பார்த்தாள். "இல்லடி. குட்டி விமானம். அந்த நல்ல பல்லுக்காரனாத்தான் இருக்கும். நம்மள பஸ்ஸுல பறக்க விட்டுட்டு, தான் மட்டும் விமானத்துல பறக்கறான்."

விமான நிலையச் சாலையின் குறுக்கே தடுப்புப் போட்டிருந்தார்கள். பிரெஸ்லின் வீட்டுச் சந்து அதற்கு உள்ளேதான் பிரிகிறது. காவலர், வெளியூர்க்காரர், கையைக் காட்டி நிறுத்தினார். "விழா நடக்குது. முடியற வரைக்கும் வருகைப் பயணிகளுக்கு மட்டும்தான் வழி."

அட்ராக்டா இறங்கினாள். மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். "வருகை. ஆறேகால். மேனஸ் பிரெஸ்லின்."

காவலர் சீட்டைப் பார்த்தார். பேருந்தின் பின்புறத்தைப் பார்த்தார். சீட்டில் ஒரு குறையும் இல்லை. தடுப்பைத் தூக்கினார். "வருகைப் பயணி வருகைக் கூடத்து வழியாத்தான் போகணும், ஹியூயி," என்றாள் அட்ராக்டா.

வருகைக் கூடத்தில் நாற்காலிகள் போட்டு, 'பத்தாண்டு இடையறாச் சேவை' என்று துணி கட்டியிருந்தார்கள். கூட்டம் காட்ட வேண்டுமென்று ஊரையே அழைத்திருந்தது ஹீதர்லிங்க். தேநீரும் ரொட்டியும் உண்டு என்பதால் ஊரும் வந்திருந்தது. ஆணையத்தின் பிரதிநிதிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, விட்லாக் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே, ஒரு விமானச் சேவையின் நம்பகத்தன்மையைக் குலைப்பது எது என்று நாங்கள் ஆழமாக ஆராய்ந்தோம். மூன்று காரணங்கள் கிடைத்தன. மூடுபனி, எதிர்க்காற்று, இயந்திரக் கோளாறு. இம்மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றும் விமானத்தை மட்டுமே பாதிக்கின்றன. எனவே நாங்கள் துணிந்து விமானத்தை நீக்கினோம். அன்றிலிருந்து எங்கள் சேவையில் ஒரு விமானம்கூடத் தாமதமானதில்லை." ஆணையத்தார் கைதட்டினார்கள். "எஞ்சியிருக்கும் தாமதங்களுக்குக் காரணம் பயணிகள் என்று தெரியவந்துள்ளது. அடுத்த கட்டத்தில் அதையும்..."

அப்போதுதான் கதவு திறந்தது. ஆறு பேர் தோளில் மேனஸ் வந்தான்.

இரண்டு பெஞ்சுகளை யாரோ இழுத்துப் போட்டார்கள். பெட்டி அதன் மேல் இறங்கியது. யூனா புட்டியில் மிச்சமிருந்த நீரைத் தெளித்தாள். அட்ராக்டா தலைமாட்டில் நின்றாள். அவ்வளவுதான், ஊர் எழுந்துவிட்டது. நாற்காலிகள் சுவரோரம் போயின. வரிசை தானாகவே உண்டாயிற்று. ஒருவர் பின் ஒருவராக வந்து கையைப் பிடித்தார்கள். "உன் துயரத்துக்கு வருந்துறேன்." "வருந்துறேன், அட்ராக்டா." "நல்ல மனுஷன்." விழாவுக்கு வைத்திருந்த தேநீரைப் பெண்கள் ஊற்றத் தொடங்கினார்கள். மேடை முன்னால் ஒருவரும் இல்லை. ஆணையத்தின் பிரதிநிதிகள் இருவரும் தேநீருக்கான வரிசை என்று நினைத்துச் சேர்ந்து, தப்பிக்க வழியில்லாமல் அட்ராக்டாவின் கையைக் குலுக்கி, ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதை நிறுத்தச் சொல்லத்தான் விட்லாக் மேடையிலிருந்து இறங்கினார். ஆனால் அந்தக் கூட்டத்தில் அட்ராக்டாவிடம் போய்ச்சேர ஒரே வழிதான் இருந்தது. வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. அவள் கையை நீட்டினாள். பழக்கத்தில் அவரும் நீட்டினார். பழக்கத்திலேயே வாயும் திறந்தது.

"ஏற்பட்ட சிரமத்திற்கு எங்கள் நிறுவனம் வருந்துகிறது."

அட்ராக்டா கையை விடவில்லை.

"நிறுவனம் இருக்கட்டும். உங்க பேரு என்ன?"

"பெரெக்ரின்."

"பெரெக்ரின், தொப்பியக் கழட்டிட்டுத் திரும்பச் சொல்லுங்க."

"நான் தொப்பி போடலையே."

"போட்டிருக்கீங்க," என்றாள் அட்ராக்டா.

விட்லாக் சுற்றிப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவசரம் யாருக்கும் இல்லை. டோனிகாலில் இழவு காக்க வந்தவர்கள் இரண்டு ராத்திரி நிற்பார்கள். கடைசியில் அவர் பெட்டியின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "உங்க துயரத்துக்கு வருந்துறேன்."

"நன்றி," என்று கையை விட்டாள். "இப்ப ஓடுபாதைக் கதவத் திறக்கச் சொல்லுங்க. அவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கை விடுபட்டதும் இயக்குநர் திரும்பி வந்துவிட்டார். "ஓடுபாதையிலயா? முடியவே முடியாது. மனுஷங்க நடக்கக் கூடாது. அது காலியா இருக்கணும். ஆறேகால் வரவேண்டியிருக்கு!"

"எந்த ஆறேகால்?"

விட்லாக் பலகையைக் காட்டினார். 'கிளாஸ்கோவிலிருந்து: குறித்த நேரத்தில்.' பலகைக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரத்தை எல்லோரும் பார்த்தார்கள். மணி ஆறேகால். ஹீதர்லிங்க்கின் பேருந்து அப்போது டெர்ரிக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு டிராக்டருக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்தது.

"கிளாஸ்கோவிலேர்ந்து வந்தவன் இவன்தான்," என்றாள் அட்ராக்டா. "சீட்டு இருக்கு. நேரத்துக்கு வந்திருக்கான். உங்க பத்து வருஷத்துல ஒரே ஒரு நாள் உங்க பலகை உண்மை சொல்லியிருக்கு. அதையும் கெடுத்துக்காதீங்க. கதவத் திற, லோர்கன்."

லோர்கன் இயக்குநரைப் பார்த்தான். அன்று தீயணைப்புத் தொப்பியில் இருந்தான். அதைக் கழற்றினான். மற்ற இரண்டையும் மேசைக்கடியிலிருந்து எடுத்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விட்லாக்கின் கையில் கொடுத்தான். பலகையின் பொத்தானை அழுத்தினான். எழுத்துகள் புரண்டு நின்றன.

'தரையிறங்கியது.'

பிறகு கதவைத் திறந்துவிட்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

"யூனா," என்றாள் அட்ராக்டா, "டீலியாவுக்குப் போன் போடு. கிழங்க அடுப்புல ஏத்தச் சொல்லு."

விட்லாக் தொப்பிகளோடு ஓடுபாதையின் விளிம்புவரை வந்தார். அவருடைய வாடகை விமானம் ஓரமாக நின்றது. ஊர் முழுக்க ஓடுபாதையில் இருந்ததால் அதனால் புறப்பட முடியவில்லை. ஆறு பேருக்கு ஆறு பேர் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஆணையத்தின் பிரதிநிதி ஒருவர், எப்போது சேர்ந்தார் என்று தெரியவில்லை, வாயில் ரொட்டியோடு இரண்டாவது மாற்றில் தோள் கொடுத்தார். முயல்கள் வழிவிட்டன. கோடு கிழித்தாற்போல் நேரே வீட்டைப் பார்த்து இருந்தது பாதை. மேனஸ் இத்தனை ஆண்டுகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறான். வேலியின் கம்பியை ஹியூயி முன்னால் போய் வெட்டி வைத்திருந்தான்.

ஓடுபாதை குறுக்கு வழி. சுமந்து நடக்கிற நடை மெது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன. பெட்டி வாசல்படி ஏறும்போது டீலியா சட்டியின் மூடியைத் தூக்கிக் கத்தியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெந்துடுச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தார்கள். அந்த மாதமே ஆணையத்தின் அறிக்கை வந்தது. குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை ஆறேகால் விமானம் குறித்த நேரத்தில் தரையிறங்கியதாகப் பலகையின் பதிவு காட்டியதால், ஹீதர்லிங்க்குக்கு ஊக்கத்தொகை கிடைத்தது. சில நாள் கழித்து மேனஸின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. எங்களுடன் பறந்ததற்கு நன்றி, பயணம் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். யூனா அதன் பின்பக்கத்தில் பதில் எழுதி அனுப்பினாள். அதைக் கதையில் எழுத முடியாது.

இப்போதும் வெள்ளிக்கிழமை மாலையில் டூனலார் ஊர் வருகைக் கூடத்துக்குப் போகிறது. நாற்காலியையும் தேநீரையும் அவர்களே கொண்டுபோகிறார்கள். பலகைக்குக் கீழே உட்கார்ந்து, "ஆறேகால் எங்க?" என்று கேட்கிறார்கள். விமானத்துக்காகக் காத்திருப்பவர்களை வெளியேற்ற ஹீதர்லிங்க்கின் விதியில் இடமில்லை. விமானம் வராது என்று சொல்லவும் இடமில்லை. லோர்கன் தொப்பி இல்லாமல் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அட்ராக்டாவுக்கு முன்வரிசை நடு நாற்காலி. விமானம் திரும்பி வருகிற வரை அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று விட்லாக்குக்குத் தெரியப்படுத்தியாகிவிட்டது.

கூடம் மூடியதும் வேலியில் வெட்டிய இடைவெளி வழியாக வீட்டுக்கு வருகிறாள். அதை இன்னும் யாரும் அடைக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றுகிறாள். அங்கே இறங்கிய ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, சந்து வழியாக நடந்து, இந்த வாசலில் வந்து கால் வைக்க எவ்வளவு நேரமாகுமோ, உருளைக்கிழங்கு வேக இப்போதும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது.